வாரிசுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை

கொஞ்சம் காலை மடக்கிக்கிறீங்களா டீச்சரம்மா, இந்தப் பையைக் கீழ தள்ளிக்கிறேன். மேல வைக்கலாம், ஆனா உள்ள பொன்னாடை இருக்கு, கசங்கிரும். டீச்சர்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீங்களா? மடியில பரீட்சைப் பேப்பர், கையில சிவப்புப் பேனா, மூஞ்சியில கோபம். வேற யாரா இருக்கும்? அதுவும் இங்கிலீஷ் பேப்பர். ரெம்ப நல்லதாப் போச்சு. எனக்கு இங்கிலீஷ்ல ஒரு சந்தேகம் இருக்கு, ஒரே ஒரு வார்த்தை. அதைப் பெறகு கேக்குறேன். நீங்க திருத்துங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றேன். மெட்ராஸ் வரைக்கும் பேசாம வர்றதுன்னா எனக்குத் தலைவலி வந்துரும்.

என் பேரு பெத்தணசாமி. நெடுங்கரை பேரூராட்சி மாஜி சேர்மன். ரெண்டு தடவை இருந்தேன். எங்கப்பா அதே ஊருக்கு பஞ்சாயத்து பிரசிடெண்டு. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, ரயில்ல நாலு விதமான ஆளு இருப்பாங்க. இப்பத் தேர்தல் வருதுல்ல, அதுக்குத்தான் தலைமைக்குப் போறேன். சேர்மன் பதவிக்கு என் மகன் பேரைக் குடுக்கப் போறேன். பேசி முடிச்சாச்சு, இன்னைக்கு நேர்ல போயி ஒரு பொன்னாடை போத்துனா சீட்டு உறுதி. ஊர்ல பஸ் ஸ்டாண்டு, காளியம்மன் கோயில் முக்கு, ரைஸ் மில்லு, நம்ம வீட்டு வாசல்னு நாலு எடத்துல பிளெக்ஸ் வச்சிட்டுத்தான் ரயில் ஏறுனேன். 'வருக வருக எங்கள் கோவேந்தனே'ன்னு மேல பெரிய எழுத்து. கீழ அவன் படம். கோட்டு போட்ட படம், அமெரிக்காவுல எடுத்தது.

ஆமா, அமெரிக்காவுலதான் இருக்கான். அதனால என்ன? பாஸ்போர்ட்டு இன்னும் நம்ம பாஸ்போர்ட்டுதான். வோட்டர் லிஸ்ட்ல அவன் பேரு அழியாம இத்தன வருசமா நான் காவல் காத்துக்கிட்டிருக்கேன். வருசா வருசம் எவனாவது ஒருத்தன் வந்து 'ஆளு ஊர்ல இல்லையாமே'ம்பான். டிபன் வாங்கிக் குடுத்து அனுப்பிருவேன்.

கோவேந்தன்! எப்படி இருக்கு பேரு? நான் வச்சது. பொறந்தப்பவே தீர்மானம் பண்ணித்தான் வச்சேன். எட்டு வயசுல வெள்ளை வேட்டி கட்டி மேடையில ஏத்தி, மாவட்டச் செயலாளருக்கு மாலை போட வச்சேன். கூட்டத்தைப் பாத்ததும் வெலவெலத்துப் போயி நின்னான். மொத மேடை, அப்படித்தான் இருக்கும். காலேஜ் படிக்கிறப்ப இளைஞரணியில பேச விட்டேன். மேடைக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்துட்டு வந்துதான் பேசுனான். பேசுனானா இல்லையா? அதைப் பாருங்க. அப்பறம் என்னன்னா, மேல்படிப்புன்னு சொல்லி அமெரிக்கா போனான். ரெண்டே வருசம்னு சொல்லிட்டுப் போனவன் பன்னெண்டு வருசம் ஆச்சு, ஊர்ப்பக்கம் வரல. கல்யாணத்துக்கு மட்டும் வந்தான். அதுவும் கோயம்புத்தூர்ல, பொண்ணு வீட்ல. நெடுங்கரைக்குள்ள காலெடுத்து வைக்கல. லீவு கெடைக்கலையாம். ஒசந்த வேலைன்னா அப்படித்தான்.

சரி, அவன்தான் வரல, நாமளே போவோம்னு நானும் எங்க வீட்டம்மாவும் இந்த வருசம் கெளம்பிப் போனோம். பேத்தி பொறந்திருந்தா. போனா, அங்க அவனை எல்லாரும் 'கோ'ங்கிறாய்ங்க. முழுப் பேரு வாயில வரலையாம். 'டேய், கோன்னா அரசன்டா, சரியாத்தான் சொல்றாய்ங்க'ன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, 'அப்பா, இங்க கோன்னா போன்னு அர்த்தம்'ங்கிறான். பாருங்க டீச்சரம்மா. நான் அரசன்னு வச்சேன், அந்த ஊர்ல வாய்க்கு வாய் அவனைப் போ போங்கிறாய்ங்க. அவனும் சந்தோசமாத் திரும்பிப் பாக்குறான்.

அங்க ஒரு நாள் முழுக்க என்ன செய்யிறது? தெருவுல மனுசன் இல்ல. டீக்கடை இல்ல. பேப்பர் இல்ல. பையன் வேலைக்குப் போயிருவான், சாயங்காலம் வந்து பாத்திரம் கழுவுவான். கழுவிக்கிட்டே பாடுவான். நல்லாத்தான் பாடுறான். எங்க வீட்ல இருந்த வரைக்கும் அவன் பாடி நான் கேட்டதில்ல. 'எப்படா கத்துக்கிட்ட'ன்னு கேட்டேன். நிறுத்திட்டான்.

அப்பத்தான் பிரண்டை வந்தாரு. தொவையல் அரைக்கிற பிரண்டை இல்லம்மா. அது ஒரு செனட்டரு. வில்லியம் பிரெண்டர்காஸ்ட்டுன்னு பேரு. இப்பச் சரியாச் சொல்லிட்டேன், அப்ப எனக்கு வாயில வரல, பிரண்டைன்னு வச்சுக்கிட்டேன். செனட்டருன்னா நம்ம ராஜ்யசபா எம்.பி. மாதிரி. ஆனா ஜனங்களே ஓட்டுப் போட்டு எடுக்கிறது. ஒரு ஸ்டேட்டுக்கு ரெண்டே பேருதான், ஆறு வருசம். பெரிய்ய பதவி. அந்தப் பெரிய பதவியில இருக்கிற ஆளு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க தெருக்கோடியில இருக்கிற தீயணைப்பு நிலையத்துல தோசை சுடுறாருன்னு மருமக சொன்னா. நான் நம்பல. போய்ப் பாத்தா, நெசமாவே சுடுறாரு! தோசைன்னா நம்ம தோசை இல்ல, தடியா, இனிப்பா, மேல ஒரு பாகு ஊத்தி. பக்கத்துல ஒரு பொண்ணு தட்டு எடுத்துக் குடுக்குது. மகளாம்.

அதுதான் அங்க பிரச்சாரம். கொடி இல்ல, வேட்டு இல்ல, மைக் செட்டு இல்ல. நாப்பது பேரு வரிசையில நின்னு தோசை வாங்கிக்கிட்டு, ரோடு சரியில்லன்னு சொல்லிட்டுப் போறாய்ங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு செனட்டரு கையில கரண்டியோட நிக்கிறாரு, ஒருத்தன்கூட ஒரு மரியாதை செய்யல. நான் ஊர்லயிருந்து போறப்பவே பெட்டியில மூணு பொன்னாடை வச்சிருந்தேன். போற எடத்துல யாரைப் பாப்போம்னு சொல்ல முடியுமா? வீட்டுக்கு ஓடிப்போயி ஒண்ணை எடுத்துட்டு வந்து, நேரா போயி உதறுனேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ரெண்டு பேரு பாஞ்சு வந்தாய்ங்க. அதுக்குள்ள போத்திட்டேன். நாப்பது வருச அனுபவம்மா, பொன்னாடை போத்துறதுல என்னைய எந்தப் போலீசும் தடுத்ததில்ல.

நம்ம ஆளுங்கன்னா போத்துன மறுநிமிசம் கழட்டிப் பின்னாடி நிக்கிறவன்ட்ட குடுத்துருவாங்க. இந்த மனுசனுக்கு அது தெரியல. கழட்டவே இல்ல. பச்சைக் கலர் ஜரிகைப் பொன்னாடையைப் போத்திக்கிட்டுக் கடைசித் தோசை வரைக்கும் சுட்டாரு. பாகு பூராம் அதுலதான். மறுநாள் உள்ளூர்ப் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அவரு, கரண்டி, பொன்னாடை, நான். போன்ல இருக்கு, பெறகு காட்டுறேன்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து பையன்ட்ட அவரு வரலாறு பூராம் கேட்டேன். அவனும் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிச் சொன்னான். டீச்சரம்மா, குடும்பம்னா அது குடும்பம்! தாத்தா செனட்டரு. அப்பா கவர்னரு. அங்க கவர்னருன்னா நம்ம முதலமைச்சர் மாதிரி, ஜனங்க எடுக்கிறது. மூணு பேருக்கும் ஒரே பேரு. வில்லியம் பிரெண்டர்காஸ்ட், வில்லியம் பிரெண்டர்காஸ்ட் ரெண்டு, வில்லியம் பிரெண்டர்காஸ்ட் மூணு. நம்ம ஊர்ல வாரிசு அரசியல்னு கத்துறாய்ங்களே, அங்க பேர்லயே நம்பர் போட்டு வச்சிருக்காய்ங்க! ஒளிவு மறைவே இல்ல.

இந்த மூணாவது ஆளு சின்ன வயசுல பாட்டுக் கச்சேரியில குழல் ஊதிக்கிட்டு ஊர் ஊராத் திரிஞ்சாராம். அப்பாக்காரரு கூப்பிட்டு, போதும்டா தம்பின்னு சொல்லி, அந்த ஸ்டேட்டு அசெம்பிளிக்கு நிறுத்திட்டாரு. நல்லவேளை, காப்பாத்திட்டாரு. ஜெயிச்சாச்சு. அடுத்து ஒரு தடவை அப்பா இருந்த கவர்னர் பதவிக்கே நின்னு தோத்தாரு. பெறகு தாத்தாவோட செனட்டு சீட்டுல நின்னு ஜெயிச்சவருதான், மூணு தடவை, பதினெட்டு வருசம் அசைக்க முடியல. இப்ப வயசாச்சு, அடுத்த தடவை மகளை நிறுத்தப் போறாரு, அதுக்குத்தான் மகளையும் கூட்டிக்கிட்டு ஊர் ஊராத் தோசை சுடுறாருன்னு பேப்பர்ல எழுதுனாய்ங்களாம். அந்தப் பொண்ணு பேரு ஹேனா. மாட்டு டாக்டரு.

ஒரே ஒரு விசயம்தான் எனக்கு வெளங்கல. அவரு தோத்த அன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. வாயெல்லாம் பல்லா சிரிக்கிறாரு. ஜெயிச்ச போட்டோ அத்தனையும் பாத்தேன், எதுலயும் அந்தச் சிரிப்பு இல்ல. தோத்தவன் எதுக்கும்மா சிரிக்கணும்? நான் டெபாசிட்டு போன அன்னைக்கு ரெண்டு நாளு சோறு திங்கல. என் மகன் அந்தப் படத்தையே ரெம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தான். 'சாப்பிடுறா, சோறு காயுது'ன்னு நான்தான் கம்ப்யூட்டரை மூடுனேன்.

ஒரு வாரம் கழிச்சு வாசல்ல காரு வந்து நிக்கிது. எறங்குறது யாரு? பிரண்டை! கூட அந்தப் பொண்ணு. கையில ஒரு அட்டைப்பெட்டி. என்னடான்னு பாத்தா, பொன்னாடை. தொவைச்சு, தேச்சு, மடிச்சு, திருப்பிக் குடுக்க எடுத்துட்டு வந்திருக்காரு! அது எங்க குடும்பத்துப் பரம்பரைச் சொத்துன்னு நெனச்சுக்கிட்டாராம். குளிருக்கு எரவல் குடுத்தோம்னு அந்தப் பொண்ணு நெனச்சுச்சாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. என் வாழ்நாள்ல ஆயிரம் பொன்னாடை போத்தியிருப்பேன், ஒண்ணு திரும்பி வந்ததா சரித்திரம் கெடையாது. நான் வேண்டாம் வேண்டாங்கிறதுக்குள்ள எங்க வீட்டம்மா வாங்கி உள்ள வச்சுட்டா. இந்தப் பையில இருக்கிறது அதுதான். புத்தம்புதுசா இருக்கு, எதுக்கு வீணாக்கணும்?

வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? வீட்டுக்குப் பின்னாடி பலகை போட்டு ஒரு எடம் இருக்கும், அங்க நாற்காலியைப் போட்டு உக்கார வச்சு, வடை சுட்டுக் குடுத்தோம். நான் எதிர்ல உக்காந்தேன். பையன் நடுவுல, மொழிபெயர்க்க. செனட்டரு கேட்டாரு, 'நீங்களும் அரசியல்லதான் இருக்கீங்களாமே?' அம்புட்டுதான். எனக்கு மைக்கு கெடைச்ச மாதிரி ஆயிருச்சு.

'ஐயா, நீங்க பண்றதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு'ன்னு எடுத்தேன். 'மகளை நிறுத்தப் போறீங்க, சரி. ஆனா தட்டு எடுத்துக் குடுக்கவா நிறுத்துறது? சுவர்ல உங்க படம் எம்புட்டுப் பெருசோ அம்புட்டுப் பெருசு அந்தப் பொண்ணு படம் வரணும். வாரிசுங்கிறது சும்மா இல்ல. பொறந்தப்பவே தீர்மானம் பண்ணி, சின்னதுலயே மேடையேத்தி, பயம் தெளிய வச்சுக் கொண்டாரணும். அதுக்கு இஷ்டமான்னு எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கப்படாது. நான் என் மகனை அப்படித்தான் வளத்தேன், கேட்டுப் பாருங்க.' இதைச் சொல்லிட்டு, 'சொல்லுடா'ன்னேன்.

அவன் கையில இருந்த காபியைக் கீழ வச்சான். 'என்னடா, மறந்துட்டியா'ன்னேன். 'இல்லப்பா, சொல்றேன்'ன்னான். டீச்சரம்மா, அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இங்கிலீஷ் எம்புட்டு நீளமான பாஷைன்னு! நான் நாலு வரிதான் சொன்னேன். அவன் சொல்றான் சொல்றான், சொல்லிக்கிட்டே இருக்கான். காபி ஆறிப்போச்சு. மேடையில பேசச் சொன்னா வாந்தி எடுத்த பையன், ஒரு செனட்டரை நேருக்கு நேரா பாத்து, திக்காம திணறாமப் பேசுறான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. எனக்குப் புரிஞ்சது 'ஃபாதர்', 'சன்', அப்பறம் ஒரு வார்த்தை அடிக்கடி வந்துச்சு, 'ஹாஸ்டேஜ்', 'ஹாஸ்டேஜ்'னு. வாரிசைத்தான் சொல்றான்னு பிடிச்சுக்கிட்டேன். நான்தான் வாரிசு வாரிசுன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே.

அவங்களும் அப்படியே அசந்துட்டாங்க. அந்தப் பொண்ணு தட்டைக் கீழ வச்சிருச்சு, கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. 'ஐயோ, மிளகாயக் கடிச்சிருச்சு போல, சீனி கொண்டா'ன்னு எங்க வீட்டம்மாவை வெரட்டுனேன். அவ நகரல, என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. செனட்டரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பெறகு என் பையன்ட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. பையன் 'எஸ்'னான். மனுசன் எந்திரிச்சு அவன் தோள்ல கையை வச்சு, ரெம்ப நேரம் எடுக்கல. எனக்குக் கை குடுக்க மறந்தே போயிட்டாரு. அந்த அளவுக்கு என் கருத்து உள்ள எறங்கிருச்சு!

அவங்க போன பெறகு, 'என்னடா கேட்டாரு?'ன்னேன். 'அவரு மக என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியுமான்னு கேட்டாருப்பா'ன்னான். 'நீ எஸ்ஸுன்ன. அதுக்கு ரெம்ப இஷ்டம்னு சொல்லிட்டேல்ல?' 'சொல்லிட்டேன்பா.' 'வாரிசுக்கு என்னமோ ஒரு வார்த்தை சொன்னியே, ஹாஸ்டேஜ்ஜா?' என் மூஞ்சியைப் பாத்தான். 'ஆமாப்பா'ன்னுட்டு வடைத் தட்டைக் கழுவப் போயிட்டான். அன்னைக்குப் பாடல.

பெறகு நடந்ததுதான் அக்கிரமம். பத்துப் பதினஞ்சு நாள்ல டி.வி.யில வர்றாரு பிரண்டை. பக்கத்துல மக. பின்னாடி மாட்டுத் தொழுவம். நான் வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சேன், 'பாருங்கடா, இப்ப அறிவிப்பாரு, சுவர் விளம்பரம் நான் சொன்ன சைஸ்தான்'னு. அவரு அறிவிச்சாரு. அடுத்த தேர்தல்ல தானும் நிக்கலையாம், மகளும் நிக்காதாம். தாத்தா காலத்துலயிருந்து ஓட்டுச் சீட்டுல இருந்த அந்தப் பேரு இனிமே இருக்காதாம். அந்தப் பொண்ணு மாட்டுக்கு வைத்தியம் பாக்கப் போகுதாம்! சொல்லிட்டுச் சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. அந்தத் தோத்த போட்டோவுல இருந்த அதே சிரிப்பு.

நான் அம்புட்டு தூரம் எடுத்துச் சொல்லி, தலைகீழாப் பண்ணிட்டாரே! மூணு தலைமுறைச் சொத்தும்மா அது. வேற எவனுக்காவது கெடைக்குமா? எனக்கு ஆத்திரம் தாங்கல. 'மொழிபெயர்ப்புல எங்கயோ கோளாறு'ன்னு மருமகட்ட சொன்னேன். பையன் மேல சந்தேகம் இல்ல, அவன் கான்வெண்டுல படிச்சவன். அந்த மனுசனுக்குத்தான் காது மந்தம். எங்க வீட்டம்மா அன்னையிலயிருந்து என்கூடப் பேச்சைக் கொறைச்சுக்கிட்டா. பேத்தியைப் பாத்துக்கணும்னு சொல்லி, இன்னமும் அங்கேயேதான் இருக்கா. போன் பண்ணா பேத்தி கையில குடுத்துருவா. அது ஒரு வயசுப் பிள்ளை, அதுட்ட நான் என்ன அரசியல் பேசுறது?

நான் மட்டும் கெளம்புனேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த நாட்ல வாரிசுக்கு இருக்கிற மரியாதை இருக்கே! ஏர்போர்ட்டுல சோதனை போடுற எடம். பையன் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டிக்கிட்டிருக்கான். ஆபீசரு பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு, அவனைக் காட்டி, 'ஹூ ஈஸ் தட்?'ங்கிறாரு. நமக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்தானே, நிமிர்ந்து நின்னு, 'மை ஹாஸ்டேஜ்'னேன். அவருக்கு வெளங்கல போல. இன்னொரு தடவை சத்தமாச் சொன்னேன். அவ்வளவுதான், நாலு பேரு ஓடி வந்தாங்க! எனக்குத் தனி ரூம்பு. தண்ணி பாட்டிலு. என் பெட்டியை எடுத்து ஒவ்வொரு பொருளா விரிச்சு விரிச்சுப் பாக்குறாங்க. மகனையும் உள்ள கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அவனுக்கு வேர்த்துக் கொட்டுது. இங்கிலீஷ்ல பேசுறான், பேசுறான். கடைசியில ஆபீசரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, போலாம்னுட்டாரு. பையன் என்ட்ட, 'அப்பா, கும்பிடுறேன், அந்த வார்த்தையை இனிமே வெளியில சொல்லாதீங்க'ங்கிறான். கண்ணு பட்டுரும்னு பயம் போல.

விடுவேனா நான்? நாற்காலியை விட்டு எந்திரிக்கல. 'நீ ஊருக்கு வந்து தேர்தல்ல நிக்கிறேன்னு வாயால சொல்லு, அப்பத்தான் பிளேன் ஏறுவேன்'ன்னு உக்காந்துட்டேன். நாம பாக்காத தர்ணாவா? மணியாகுது, ஆபீசருங்க மறுபடியும் எட்டிப் பாக்குறாங்க, வெளிய ஒரு அம்மா மைக்குல என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. அவன் சொன்னான். 'சரிப்பா. வர்றேன். எந்திரிங்க.' அந்த நேரத்துல அவன் மூஞ்சி இருந்துச்சு பாருங்க, எட்டு வயசுல மேடையில நின்னப்ப இருந்த அதே மூஞ்சி. கொஞ்சம்கூட மாறல. அடுத்த வாரத்துக்கு டிக்கெட்டு போட்டுட்டான். வேலையை ராஜினாமா எழுதிக் குடுக்கப் போறானாம். எப்படி முடிச்சேன் பாத்தீங்களா?

இப்ப அந்தச் சந்தேகத்தைக் கேட்டுடுறேன். அவன் வந்ததும் கூட்டத்துல அறிமுகப்படுத்தையில, ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல சொன்னா எடுப்பா இருக்கும்னு பாக்குறேன். 'மை ஹாஸ்டேஜ் கோவேந்தன்'னு சொல்லணுமா, 'கோவேந்தன் மை ஹாஸ்டேஜ்'னு சொல்லணுமா? எது இலக்கணப்படி சரி?

என்னம்மா, பேனாவைக் கீழ வச்சுட்டீங்க. சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்.

என்னது?

பணயக் கைதியா?

இந்த... பேங்குக்குள்ள புகுந்து, துப்பாக்கியைக் காட்டி, ஒருத்தனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, 'நான் கேட்டதைக் குடுத்தாத்தான் விடுவேன்'பாய்ங்களே, அந்தப் பிடிபட்ட ஆளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா. வேற அர்த்தம் எதுவும் இல்லையா? பழைய இங்கிலீஷ்ல? அமெரிக்கா இங்கிலீஷ்ல?

ம்.

அப்ப அந்தப் பொண்ணு கடிச்சது மிளகா இல்ல.

இல்ல, ஒண்ணுமில்ல. நீங்க திருத்துங்க. எந்த ஸ்டேஷன் இது, அரியலூரா? இன்னும் வரலையா? தண்ணி இருக்கு, என்ட்ட இருக்கு, வேண்டாம். இந்த ஏசியை எதுக்கு இப்படி வைக்கிறாய்ங்க, கண்ணு எரியுது.

ஒரு போன் பேசிக்கிறேன். அங்க இன்னும் படுத்திருக்க மாட்டான்.

ஹலோ. கோவேந்தா... அப்பாதான். ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன். ரயில்ல இருக்கேன். இன்னும் போய்ச் சேரல. கேளு, ஒரு விசயம். நம்ம பேரூராட்சி சேர்மன் பதவி இருக்குல்ல, அதை இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கிட்டாங்களாம். ஆமாடா. இப்பத்தான் செய்தி வந்துச்சு. அடுத்த தடவையும் அப்படித்தானாம். அரசாங்கம் முடிவு பண்ணா நாம என்ன செய்ய முடியும்? ஆமா, நீ நிக்க முடியாது. சட்டப்படியே முடியாது. நான் என்ன செய்யட்டும், என் கையில இல்ல.

ஹலோ? லைன்ல இருக்கியா? என்னடா மூக்கை உறிஞ்சுற. மிளகாயக் கடிச்சிட்டியா?

சரி சரி. சளியா. சுக்குப் போட்டுக் குடி. அம்மாட்டச் சொல்லு. வேலையை எழுதிக் குடுத்துட்டியா? இன்னும் இல்லையா? குடுக்காத. டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணாத. வா. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. எதுக்கா?

எதுக்கும் இல்லடா. சும்மா வா.

வச்சிடுறேன்.

என்ன டீச்சரம்மா அப்படிப் பாக்குறீங்க. ஒதுக்கீடுன்னா ஒதுக்கீடுதான், நாளைக்கு எது வேணாலும் நடக்கும், முன்னாடியே தெரிஞ்சுக்கிறவன்தான் அரசியல்வாதி. பொம்பளைங்க வரட்டும்மா, நல்லதுதானே. தலைமைக்குப் போன் போட்டுச் சொல்லிக்கிறேன், பையனுக்கு உடம்பு சரியில்லன்னு. உங்களுக்குக் குளிருதுல்ல? இந்தாங்க, இதைப் போத்திக்கங்க. அட, பிடிங்கம்மா. சுத்தமாத்தான் இருக்கு, ஒரு செனட்டரு தொவைச்சது. எறங்கையில திருப்பித் தந்துறாதீங்க, அவரு மாதிரி.

நான் விழுப்புரத்துல எறங்கிக்கிறேன். எதிர் வண்டி ஒண்ணு இருக்கும். ஊருக்குப் போயி மொத வேலையா அந்த நாலு பிளெக்ஸையும் எறக்கணும், அவன் பாத்துட்டா திரும்பி ஓடிருவான். மூணைத் தூரப் போட்டுரணும். நம்ம வாசல்ல இருக்கிறதை மட்டும் கிழிக்க மாட்டேன். கத்தரியை எடுத்து, மேல 'வருக வருக'ங்கிறது வரைக்கும் வெட்டிக் கட்டிக்கிட்டா, அதுல அரசியல் எதுவும் இல்லையில்லம்மா?